கேட்ட கேள்விக்கு விசாரித்துப் பதில் சொல்லுங்கள்!
தடுப்பூசியும் நம் மஹல்லாக்களும்

(திண்டுக்கல் பேகம்பூரில் நடைபெற்ற மஹல்லா விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே! தோல் ஷாப்பிலும் மில்லிலும் கடையிலும் உழைத்துவிட்டு, களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே! திரைக்கு அப்பால் இருந்து கேட்டுக் கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

'கொரோனாதான் முடிந்துவிட்டதே, ஹஜ்ரத் இப்போது எதற்கு ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்?' என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குப் புரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசர நிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது உண்மைதான். நோய்க்கான அவசரம் முடிந்தது. வதந்திக்கான அவசரம் முடியவில்லையே!

சில வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. குழந்தைகளுக்கு ஊசி போட வந்த நர்ஸ் அம்மா நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று கொண்டிருந்தார். ஒன்பது மாதக் கைக்குழந்தை. தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டிய வயது. அந்தத் தாய் கதவைப் பாதி திறந்து, 'வேண்டாம்மா, கொரோனா ஊசி போட்டவங்கதான் இப்ப பொத்துப் பொத்துன்னு விழுறாங்களாம். எங்க புள்ளைக்கு எந்த ஊசியும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். நர்ஸ் அம்மா என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லக் கூடாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் செய்த தவறு

பிறரைக் குறை சொல்வதற்கு முன் என் தவறை உங்களிடம் ஒப்புக் கொள்கிறேன்.

2021 ஏப்ரல் மாதம். ரமளான் நோன்பு தொடங்கிய வாரம். நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள், பிறகு மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்கள், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் என்று வரிசையாக வந்தது. எங்கள் பள்ளிவாசல் மோதினார் அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயும் இருந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்து, 'ஹஜ்ரத், இந்த ஊசி போட்டுக்கலாமா? நோன்பு வேற. சின்ன மவன் வேணாங்கிறான்' என்று கேட்டார். 'நோன்பு முடியட்டும் மாமா, பார்த்துக்கலாம்' என்றேன்.

எனக்கு விவரம் தெரிந்தா அப்படிச் சொன்னேன்? இல்லை. போடுங்கள் என்று சொன்னால் 'அரசாங்கத்து ஆள்' என்று வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள் என்ற பயம். போடாதீர்கள் என்று சொல்லவும் பயம். இரண்டுக்கும் நடுவில் நழுவினேன். தசையில் போடும் இந்த ஊசியால் நோன்பு முறியாது என்று சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி அந்த ரமளானுக்கு முன்பே சொல்லியிருந்தார். ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் நமது மூத்த ஆலிம்களும் அதையே சொல்லியிருப்பார்கள். நான் விசாரிக்கவில்லை.

ஏப்ரல் 26 முதல் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. பூட்டிய பள்ளியில் தன்னந்தனியாக நின்று ஐந்து வேளையும் பாங்கு சொன்னார் அந்த மனிதர். நோன்புப் பெருநாள் முடிந்த ஐந்தாம் நாள் அவர் வஃபாத்தானார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஜனாஸா. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் நின்று தொழுதோம்.

ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆனால் கேட்ட கேள்விக்கு விசாரித்துப் பதில் சொல்வது என் கையில் இருந்தது. அதை நான் செய்யவில்லை. அதற்கு நாளை நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் அச்சத்திற்குக் காரணம் இருந்தது

முஸ்லிம்கள் என்றாலே ஊசிக்குப் பயந்தவர்கள், விஞ்ஞானம் தெரியாதவர்கள் என்று சிலர் எழுதினார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2020-இல் நடந்ததை மறந்துவிட்டு எங்களைப் பற்றி எழுதாதீர்கள்!

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்திருந்த நேரம் அது. 2020 ஏப்ரல் 1 முதல் என்.பி.ஆர். கணக்கெடுப்பு தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். யார் வீட்டுக்கு வந்து பெயரும் ஆதாரும் கேட்டாலும் நெஞ்சு பதறியது. அதே நேரத்தில்தான் டெல்லி நிஜாமுதீன் விவகாரம். நம் திண்டுக்கல்லிலிருந்தும் தப்லீக் சகோதரர்கள் அங்கே போய் வந்திருந்தனர். தமிழகத்தின் தினசரி அறிக்கையில் நம் மாவட்டத்தின் பெயர் தொடர்ந்து அடிபட்டது. நோயைப் பரப்பவே போனார்கள் என்பது போல ஒரு கூட்டம் தொலைக்காட்சியில் கத்தியது. தெருவில் காய்கறி விற்ற பாயிடம் பெயர் கேட்டுவிட்டு வாங்க மறுத்த நாட்கள் அவை. நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியே கேட்டுக் கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 2020 ஆகஸ்ட் 21 அன்று, வெளிநாட்டு தப்லீக் சகோதரர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொல்லி வழக்குகளை ரத்து செய்தது. 2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதிருந்த 16 வழக்குகளை ரத்து செய்தது. பழி ஒரே நாளில் வந்தது. நீதி வர ஐந்து ஆண்டுகள் ஆயின!

ஆகவே நம் மக்களின் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. அவமானப்படுத்தியவர்கள் விதைத்தது அது. ஆனால் சகோதரர்களே, ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள். நம்மீது பழி போட்டவன் மீதுள்ள கோபத்தில் நாம் மருந்தை ஒதுக்கினால் நஷ்டம் யாருக்கு? அவனுக்கா, நமக்கா? அவன் இரண்டு ஊசியும் போட்டுக் கொண்டு சுகமாக இருப்பான். நம் வீட்டில்தான் ஜனாஸா கிடக்கும்.

தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்களின் கணக்கு

'ஊசி வேலை செய்தது என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்துக் கணக்கையே தருகிறேன். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் தமிழகக் காவல்துறையினரின் விவரங்களை எடுத்து ஆராய்ந்து, 2021-இல் வெளியிட்ட கணக்கு இது.

மொத்தம் 1,17,524 காவலர்கள். அவர்களில் ஊசியே போடாதவர்கள் 17,059 பேர். ஒரு தவணை மட்டும் போட்டவர்கள் 32,792 பேர். இரண்டு தவணையும் போட்டவர்கள் 67,673 பேர். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, அதாவது இரண்டாம் அலை கொடுமையாக வீசிய ஒரு மாதத்தில், இவர்களில் கொரோனாவால் இறந்தவர்கள் 31 பேர். அந்த 31 பேரில் ஊசி போடாதவர்கள் 20 பேர். ஒரு தவணை போட்டவர்கள் 7 பேர். இரண்டும் போட்டவர்கள் 4 பேர்.

கவனித்தீர்களா? எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டம் ஊசி போடாதவர்கள்தான். இறந்தவர்களில் பெரிய கூட்டமும் அவர்கள்தான்! ஒரு லட்சம் பேருக்கு என்று கணக்கிட்டால் ஊசி போடாதவர்களில் 117 மரணம், ஒரு தவணை போட்டவர்களில் 21, இரண்டு தவணை போட்டவர்களில் 6. ஊசி போட்டவர் யாருமே சாகவில்லை என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. சாவு எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்கிறது. அந்தக் காவலர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. கிருமி யாருடைய பெயரையும் கேட்கவில்லை.

அரசு செய்ததும் செய்யாததும்

நாம் அரசுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குறையும் சொல்வோம், நிறையும் சொல்வோம்.

2021 மே 1 முதல் பதினெட்டு வயதைக் கடந்த எல்லோருக்கும் ஊசி என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால் அந்த வயதினருக்கான மருந்தை மாநிலங்களே வாங்கிக் கொள்ளட்டும் என்று கையை விரித்தது. தமிழக அரசு மூன்றரைக் கோடி தவணைகளுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒரு நிறுவனமும் வரவில்லை. பல நூறு கோடி ரூபாயில் கட்டிய செங்கல்பட்டு தடுப்பூசித் தொழிற்சாலை வேலையின்றிக் கிடந்தது. அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 மே 25 அன்று அங்கே நேரில் போய்ப் பார்த்து, அதை இயக்க வேண்டும் என்று கேட்டார். ஊசி போட்டுக் கொள்ள ஆசைப்பட்டு விடியற்காலை டோக்கனுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஜூன் 21 முதல்தான் ஒன்றிய அரசு மீண்டும் தானே மருந்தை வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தந்தது.

கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு முதலில் 28 நாள் என்றார்கள். பிறகு ஆறு முதல் எட்டு வாரம், அதன் பிறகு பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்றார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கீழே வந்து பாமர மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? விளக்கம் வராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்து கொண்டது.

நிறையையும் சொல்வோம். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழகம் முழுவதும் 40,000 இடங்களில் ஒரே நாளில் முகாம். இலக்கு 20 லட்சம். போடப்பட்டதோ 28 லட்சத்துக்கும் மேல்! பள்ளிக்கூடம், சத்துணவு மையம், பேருந்து நிலையம் என்று மக்கள் இருக்கும் இடத்துக்கே ஊசி வந்தது. ஒரு குப்பியில் பத்து பேருக்கான மருந்து இருக்கும். கூடவே கொஞ்சம் அதிகமாகவும் ஊற்றியிருப்பார்கள். ஒரு சொட்டும் வீணாக்காமல் பதினோராவது ஆளுக்கும் எடுத்துப் போட்ட செவிலியர்கள் நம் தமிழகத்துச் செவிலியர்கள். அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகளைப் பல நாட்கள் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

இன்னொரு செய்தி, திண்டுக்கல்காரர்களாகிய நாம் சிரித்துக் கொண்டே கேட்கலாம். ஞாயிறு முகாம்களுக்குச் சிலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தால், அன்று கறி சாப்பிட வேண்டும், ஊசி போட்டால் சாப்பிடக் கூடாதாம்! குடிப்பவர்களும் அதே காரணத்தைச் சொன்னார்கள். அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் இதை வெளிப்படையாகவே சொல்லி, 2021 அக்டோபர் 23 அன்று ஆறாவது முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். பிரியாணிக்கும் ஊசிக்கும் எந்தப் பகையும் இல்லை. இருந்தாலும் மக்களின் பயத்தைக் கேலி செய்யாமல் நாளை மாற்றினார்களே, அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பயப்படுகிறவனைத் திட்டினால் அவன் கதவைச் சாத்திக் கொள்வான்.

எங்கள் மஹல்லாவில் மாறியது எப்படி?

மோதினாரை அடக்கம் செய்த பிறகு நானும் நான்கு இளைஞர்களும் உட்கார்ந்து பேசினோம். ஒரு நோட்டு வாங்கினோம். வீடு வீடாகப் போனோம். 'ஏன் போடவில்லை?' என்று கேட்கவில்லை. 'என்ன பயம்?' என்று கேட்டோம்.

ஒருவர் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்றார். கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் அப்படி எதுவும் இல்லை என்று விவரத்தைக் காட்டினோம். ஒரு தாய், பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. நம் சமுதாயத்துப் பெண் மருத்துவர் ஒருவரிடம் போனில் பேச வைத்தோம். இன்னொருவர் நடிகர் விவேக்கைச் சொன்னார். அவர் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டு, 17 அன்று மாரடைப்பில் இறந்தது உண்மை. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு பிறகு விசாரித்துச் சொன்னது. ஒரு முதியவர் மட்டும், 'காரணமெல்லாம் ஒண்ணுமில்லப்பா, தனியாப் போகப் பயமா இருக்கு' என்றார். அவரைப் பைக்கில் ஏற்றிக் கொண்டு போனோம். அவ்வளவுதான்!

மாவட்ட வாரியாக அரசு தினமும் வெளியிட்ட அறிக்கையைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போட்டோம். நாளைக்கு முகாம் எங்கே, எந்த மருந்து, எத்தனை மணிக்கு, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பதை மஃரிபுக்குப் பின் ஒலிபெருக்கியில் சொன்னோம். அரசின் செய்தி அதேதான். நம் வாயால், நமக்குத் தெரிந்த குரலில் வந்தபோது மக்கள் நம்பினார்கள்.

இப்போது சுற்றும் வதந்தி

இன்றைய வதந்திக்கு வருகிறேன். இளைஞர்கள் திடீரென்று இறப்பதற்கு கொரோனா ஊசிதான் காரணம் என்கிறார்கள். உண்மையை மறைக்க வேண்டாம். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறையும் பாதிப்பு வந்தது. ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் அதை ஒப்புக் கொண்டதாக 2024-இல் செய்தி வந்ததும் அதுதான். ஆனால் அந்தப் பாதிப்பு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. ஆண்டுகள் கழித்து வரும் மாரடைப்பை அதன் தலையில் கட்ட முடியாது.

18 முதல் 45 வயது வரை உள்ளவர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 19 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் உள்ள 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்தது. 2023-இல் முடிவு வெளிவந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை எவை? கொரோனாவால் மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவு மீறிய குடி, போதைப் பொருள், உடலை மீறிய கடும் உழைப்பு. இதையெல்லாம் விட்டுவிட்டு, கைக்குழந்தையின் தட்டம்மை ஊசி மீது கோபத்தைக் காட்டுகிறோமே, நியாயமா?

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தமிழகத்தில் நடந்தபோதும் இதே வாட்ஸ்அப் புரளியால் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். 2016-இல் பக்கத்து மாநிலமான கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் நோயால் பிள்ளைகள் இறந்தார்கள். ஊசியால் தடுக்கக் கூடிய நோய் அது! ஊசிக்கு எதிரான பிரச்சாரம் அங்கே பல காலமாக நடந்து வந்தது. பிரச்சாரம் செய்தவர் வீட்டில் ஜனாஸா விழவில்லை. நம்பியவர் வீட்டில் விழுந்தது.

நல்ல முன்மாதிரியும் நம் சமுதாயத்தில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தைப் பற்றி இதே மலட்டுப் புரளி கிளம்பியபோது, இமாம்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் ஜாமிஆ மில்லியாவினரும் மக்களிடம் இறங்கிப் பேசினார்கள். 2011 ஜனவரி 13-க்குப் பிறகு நம் நாட்டில் இயற்கையான போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் அளித்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

'எல்லாம் தக்தீர், ஊசி எதற்கு?' என்பவருக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். தனித்தனியாக ஆலோசனை கேட்டார்கள். திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஆலோசனை கேட்டார்கள், விசாரித்தார்கள், முடிவெடுத்தார்கள்! ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறதே, அது வாட்ஸ்அப் செய்திக்குப் பொருந்தாதா? ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசியைக் கேள்வி கேட்காமல் போட்டுக் கொள்கிறோம். நம் பிள்ளைக்குப் போடும்போது மட்டும் ஏன் தயக்கம்?

இன்றைக்கே தொடங்குவோம்

நிறைவாக, ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக் கூடிய காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: பிறந்தது முதல் பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெயரையும், போட்ட ஊசி, போட வேண்டிய ஊசியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசி. ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தட்டம்மை, ரூபெல்லா. ஐந்து வயதில் ஒன்று, பத்திலும் பதினாறிலும் ஒவ்வொன்று. அந்த நோட்டு ஜமாஅத்தின் கையிலேயே இருக்கட்டும். பெற்றோருக்கு நினைவூட்ட மட்டுமே பயன்படட்டும்.

இரண்டு: புதன்கிழமை ஊசி பற்றி செவ்வாய் மஃரிபிலேயே அறிவிப்புச் செய்யுங்கள். நர்ஸ் அம்மா வரும்போது ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி கூடவே போகட்டும்.

மூன்று: இமாம்களே, என்னைப் போல நழுவாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் 'நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லி, மறுநாள் சொல்லுங்கள். மருத்துவக் கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள். மார்க்கக் கேள்வியை ஆலிமிடம் கேளுங்கள். 2022 ஜனவரியில் நம் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அந்த ஒன்பது மாதக் குழந்தையின் வீட்டுக்கு மறுநாள் நானும் என் மனைவியும் போனோம். நான் வாசலில் குழந்தையின் தகப்பனாரோடு பேசினேன். என் மனைவி உள்ளே போய் அந்தத் தாயோடு பேசினார். ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த புதன்கிழமை அந்தக் குழந்தை ஊசி போட்டுக் கொண்டு வீல் என்று அழுதது. அல்ஹம்துலில்லாஹ்! அந்த அழுகைச் சத்தம் ஒவ்வொரு தெருவிலும் கேட்க வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! கேட்டவருக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் துணிவை நமக்குத் தருவானாக! வஸ்ஸலாமு அலைக்கும்.